குளியலறைத் தரை

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. உன் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு, துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர் என்று எழுதி அனுப்புகிறேன். நீ மேற்பார்வையாளர் ஆனதுகூட, உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட வந்த ஒரு உறவுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் பிடிவாதம். சொல்ல முகம் இல்லை எனக்கு. வலது பக்கம் முக்கால்வாசி போய்விட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கு அவராகவே போகிறார். பன்னிரண்டு அடி தூரம். போய்ச் சேர்வதற்குள் பாதி ஆகிவிடுகிறது. மீதியும் நின்றுகொண்டு போவதில் குறி தப்பித் தரைக்குத்தான்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை கழுவுகிறேன், பாப்பா. பினாயில் ஊற்றிப் பார்த்தாயிற்று. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கை தோல் உரிந்ததுதான் மிச்சம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். கழுவின ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறது. தரை காய்ந்ததும் மறுபடி எழும்புகிறது. பினாயிலும் அதுவும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை வருகிறதே, அது இன்னும் மோசம்.

நான் முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் உட்காருவதில்லை. போன வாரம் ஒரு டீச்சர், தைத்த சட்டையை வாங்கி என் கண் முன்னாலேயே முகர்ந்து பார்த்தார். "துவைச்சுத்தானே போடப்போறேன், பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லை என்னைக் கொன்றுவிட்டது.

யாரிடம் கேட்பேன் சொல். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீதான். உன் வேலையைப் பற்றி நான் அன்று என்ன சொன்னேன் என்பது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிடு என்று உன்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். தரையிலிருந்து இந்த வாடை போக என்ன செய்ய வேண்டும்?

கடிதமாகவே எழுது. போனில் பேசினால் அடுத்த அறையில் அவருக்குக் கேட்கும். உடம்பில் பாதி போனாலும் காது மட்டும் பாம்புக் காது.

உன் அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

முதலில் பினாயிலை நிறுத்துங்கள். அது வாடையை மூடும், எடுக்காது. மூத்திரம் காய்ந்தால் உப்பு மாதிரி படியும். தண்ணீர் பட்டால் அந்த உப்பு மறுபடி வாடை கொடுக்கும். வெந்நீரும் வேண்டாம், வெந்நீர் அதை இன்னும் கிளப்பும்.

டைல்ஸில் எதுவும் தங்காது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருக்கிற சிமெண்ட் இடுக்குதான் குடித்து வைத்துக்கொள்கிறது. பச்சைத் தண்ணீரில் தரையைக் கழுவி, வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து இடுக்குகளில் ஊற்றி இருபது நிமிஷம் விடுங்கள். பிறகு சமையல் சோடாவைக் குழைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு என்சைம் கலந்த திரவம் என்று ஒன்று உண்டு, அதை ஊற்றி ஈரத்துணி போட்டு மூடி நாலு மணி நேரம் விடுங்கள். அதுதான் உண்மையான மருந்து. நாய், பூனை சாமான் விற்கும் கடையில் கிடைக்கும்.

பிளீச்சிங் பவுடரை வினிகரோடோ ஆசிட்டோடோ கலந்துவிடாதீர்கள். அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். எங்கள் ஆள் ஒருத்தி அப்படி ஐசியூவில் கிடந்தாள்.

தரையோடு நிறுத்தாதீர்கள். சுவரில் முழங்கால் உயரம் வரை தெறித்திருக்கும். கதவின் அடிப்பலகை, தண்ணீர் போகும் ஓட்டையின் மூடிக்கு அடிப்பக்கம், டாய்லெட் தரையோடு சேருகிற விளிம்பு, எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக வாக்கரின் கால்களில் இருக்கிற ரப்பர் குப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். வீடு முழுக்க வாடையைக் கொண்டுபோவது அதுதான். யாரும் அதைக் கழற்றுவதில்லை.

அவரை உட்கார்ந்து போகச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவருக்கு வருவதற்கு முன்னாலேயே கூட்டிப்போங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரரின் தங்கை


மார்ச் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாக்கரின் ரப்பர் குப்பியைக் கழற்றினேன். அடக் கடவுளே, உள்ளே இருந்ததை எழுத்தில் எழுத முடியாது. நாலையும் வினிகரில் ஊறப் போட்டேன். அன்றைக்கே முன்னறை பாதி தெளிந்தது. பிறகு நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். முட்டி போட்டு இரண்டு நாள் தேய்த்ததில், கறுப்பு என்று நான் நினைத்திருந்த இடுக்கு வெள்ளை என்று தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம், இத்தனை நாள் தெரியவில்லை பார்.

அந்த என்சைம் வாங்கப் போன கடையில் ஒரு கூத்து. கடைக்காரர், "என்ன வளக்கறீங்க, நாயா பூனையா? எவ்ளோ வயசு?" என்று கேட்டார். என்னையும் அறியாமல், "அறுபத்தெட்டு" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய பாட்டிலாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "கடிக்குமான்னு கேக்கலையா?" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

உட்கார வைப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. "ஆம்பளை உக்காந்தா போவான்?" என்று ஒரே முறைப்பு. "முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல உக்காந்துதானே ஓட்டுனீங்க, அப்போ ஆம்பளையா இல்லாமப் போயிட்டீங்களா?" என்றேன். மறுநாளிலிருந்து உட்காருகிறார். ஆனால் கதவைச் சாத்தச் சொல்கிறார்.

நீ சொல்லிக் கொடுத்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. அப்புறம், "பாப்பா எழுதினாளா? எங்க, காட்டு" என்று கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். பிறகு, "கேக்காதது நியாயம்தான்" என்றார். இப்போது தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்க்கிறார்.

பாப்பா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்யாணத்தில் உன்னிடம், "யாராச்சும் கேட்டா நர்ஸுன்னு சொல்லு" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு நீ பரிமாற வந்தபோது, "நீ சாப்பாட்டுப் பக்கம் வராதே" என்றேன். சம்பந்தி வீட்டார் முன்னால் கௌரவம் போய்விடும் என்று பயம். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமலேயே போனாய். பதினோரு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு நீ கழுவுகிற மாதிரியான தரையில் நான் முட்டி போட்டிருக்கிறேன். அதனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கே தெரியும் எனக்கு, அது தப்பு என்று. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

அவருக்கு இரண்டு வரி எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

நீங்கள் சொன்னது அன்றைக்குச் சுட்டது, உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் நான் போகவில்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் என் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "விடு பாப்பா" என்றார். என்னைத்தான் விடச் சொன்னார், உங்களை அல்ல. அப்பா போன பிறகு என்னைத் தோளில் போட்டு வளர்த்தவர். அது என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன். என் வாந்தியையும் நானே துடைத்தேன். அப்போது எனக்கு மேலே இருந்த அம்மாள், "மூக்கை மூடாதே, வாடைதான் உனக்கு வழி காட்டும். என்ன வாடைன்னு தெரிஞ்சாத்தான் எதால கழுவணும்னு தெரியும்" என்றார். இருபது வருஷமாக அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். இப்போது வார்டுக்குள் நுழைந்ததும் எந்தக் கட்டிலில் என்ன என்று சொல்லிவிடுவேன். டாக்டர்களே சில சமயம் என்னைக் கேட்பார்கள்.

உங்களுக்கு எரிச்சல் வரும் அண்ணி. வராவிட்டால்தான் ஆச்சரியம். கட்டினவரே ஆனாலும், மற்றவர் மூத்திரத்தைத் தினமும் கழுவுகிறவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதை அவரிடம் காட்டாதீர்கள். என்னிடம் எழுதிக் கொட்டிவிடுங்கள். நான் கேட்டுக்கொள்வேன். என் காது எல்லாம் கேட்டுப் பழகினது.

மே கடைசியில் லீவு கிடைக்கும். வரப் பார்க்கிறேன்.

இந்தக் கீழே இருப்பது அண்ணனுக்கு. அவரிடமே கொடுங்கள்.

*அண்ணா, நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்து போவதாக அண்ணி எழுதியிருந்தார்கள். ரொம்ப நல்ல பிள்ளை. கோபம் எல்லாம் வந்து நேரில் வைத்துக்கொள்கிறேன். பாப்பா.*


ஏப்ரல் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

கொட்டச் சொன்னாய். கொட்டுகிறேன்.

உன் இரண்டு வரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரம் முழுக்க நரகம். மூன்று நாளாகப் போகிற வழியிலேயே ஆகிவிடுகிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கோடு மாதிரி. நேற்று அந்த ஈரத்தில் நான் சறுக்கி விழுந்தேன். இடுப்பில் இன்னும் வலி. எழுந்து நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, அந்தக் கோட்டைத் துடைத்தது.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுத்திருந்த டீச்சர் துணியைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

எனக்கு இப்போது எதிலும் அந்த வாடைதான். டீ குடித்தால் டீயில். தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் தலைமுடியில். என் மேலேயே அடிக்கிறதோ என்று புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர் குடிக்கிற தண்ணீரெல்லாம் தரைக்குத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டரா வந்து துடைக்கப்போகிறார்? கொஞ்சம் குறைத்துக் குடித்தால் என்ன குடி முழுகிப்போய்விடும்?

இப்படியெல்லாம் எழுதுகிற என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷன். எனக்குத் தெரியும், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன், பாப்பா. எத்தனை தேய்த்தாலும் இது போகாது. இந்த வாடை போக வேண்டுமானால் இவர்

ஏப்ரல் 20

நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆள் வந்துவிட்டது. திரைத்துணி அளவெடுக்க அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்கள். கடிதம் மெஷின் மேலேயே கிடந்தது. இப்போதுதான் எடுக்கிறேன். நேற்றைய வரியை முடிக்கப்போவதில்லை. கோபம் ஆறிவிட்டது. கிழிக்கலாமா என்று பார்த்தேன். நீதானே கொட்டச் சொன்னாய் என்று அப்படியே அனுப்புகிறேன்.

இன்றைக்கு அவர் ரொம்ப அமைதி. காலையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. "இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

உன் அண்ணி


மே 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அல்லது நான் எழுதினது உனக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

இங்கே நல்ல செய்தி. உன் வைத்தியம் முழுசாகப் பலித்துவிட்டது. இரண்டு வாரமாகத் தரை காய்ந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. வழியில் ஆவதே இல்லை. அந்த டீச்சர் வழியில் பார்த்தபோது, அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். பழையபடி முன்னறையில் நாற்காலி போட்டிருக்கிறேன்.

ஒன்றுதான் புரியவில்லை. போவது கொஞ்சம்தான், ஆனால் வாடை முன்னைவிடக் கடுமை. கண்ணைக் கரிக்கிற மாதிரி. நிறம் கட்டி டீ மாதிரி இருக்கிறது. வினிகர் போட்டு உடனே தேய்த்துவிடுகிறேன், போய்விடுகிறது. என்சைம் பாட்டில் பழசாகிவிட்டதா? புதுசு வாங்க வேண்டுமா?

அவர் நிறையத் தூங்குகிறார். வெயில் காலம் இல்லையா. நேற்று மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, "வண்டி சாவி எங்க? முதல் டிரிப்புக்கு நேரமாச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உன் கடிதம் வந்ததா என்று மட்டும் தெளிவாகக் கேட்கிறார்.

உன் அண்ணி


மே 12 (கூரியரில்)

அண்ணி,

தரையை விடுங்கள். இது தரை விஷயம் இல்லை.

கொஞ்சமாகப் போய், நிறம் கறுத்து, கண்ணைக் கரிக்கிறது என்றால் அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தூக்கமும் உளறலும் வெயிலால் வருவது இல்லை. கிருமி உடம்பில் ஏறியிருக்கும். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். நான் வார்டில் எத்தனையோ பேரிடம் இதே வாடையைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்து முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். நடக்க முடியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம், எத்தனை நாளாகக் கொஞ்சமாகப் போகிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

என்னிடம் இருந்த பழைய நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது. நான் நாளைக்குப் புறப்படுகிறேன். மறுநாள் காலையில் அங்கே இருப்பேன்.

பாப்பா


ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கவில்லை, மன்னித்துவிடு. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். என் பெரிய மகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன வாரம் போய்விட்டாள். கூடவே வரச் சொன்னாள். போகவில்லை.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம், "அண்ணன் ஏன் அண்ணி தண்ணி குடிக்கல? உங்களுக்கு எதுவும் தெரியாதா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். தெரியும். நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள், அவரைச் சேர்த்த அன்று சாயங்காலம், அவரே சொன்னார்.

டிரிப்ஸ் ஏறின பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பாப்பாவுக்கு எழுதின லெட்டர் மெஷின் மேல இருந்துச்சு. பாப்பா எதாச்சும் எழுதியிருக்காளோன்னுதான் எடுத்தேன். உன் எழுத்துன்னு தெரிஞ்சப்புறமும் படிச்சிட்டேன். தப்புதான்" என்றார்.

நான் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாப்பா. பேச என்ன இருக்கிறது.

"நீ எழுதினதுல ஒண்ணும் தப்பில்ல. குறைச்சுக் குடிச்சா என்னன்னு எனக்கும் பட்டுச்சு. நீ மெஷின் மிதிக்கிற சத்தம் கேக்கறப்ப, டம்ளர் தண்ணிய ஜன்னல் வழியா வெளிய ஊத்திடுவேன். டிரைவருக்கு இது பெரிய விஷயமா? ஷிஃப்ட்ல எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தண்ணி குடிக்காமத்தானே ஓட்டினேன். நடுவுல எங்க நிறுத்தறது?" என்றார். ஏதோ என் வேலையைக் குறைத்துக் கொடுத்த பெருமை அந்த முகத்தில். "தரை காஞ்சிருந்துச்சு இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசி வரி பாதியில நின்னுடுச்சே. என்னன்னு முடிக்க இருந்த?" என்று கேட்டார்.

"இந்த வாடை போகணும்னா இவர் சம்மதிச்சுத் தரையை மாத்தணும்னு எழுத வந்தேன். டைல்ஸ பேத்துட்டுப் புதுசு போடணும்னு" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ, சட்டென்று வந்தது.

"ம். தரையத்தான் மாத்தணும். எனக்குச் சம்மதம்" என்றார். நம்பினாரா என்று தெரியாது. நம்பின மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் தெளிவாகப் பேசவே இல்லை. மறுநாள் நீ வந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா பாப்பா என்று இரண்டு தடவை சொன்னாரே, அதுதான் கடைசி. பிறகு மூன்று நாள் மூச்சு மட்டும்தான்.

நான் என்ன எழுத வந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது. மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனது நான். தரை காய்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, கறுத்த மூத்திரத்தைப் பார்த்துப் புது பாட்டில் வாங்கட்டுமா என்று உன்னைக் கேட்டதும் நான்தான். உன் அண்ணனை நான்தான் கொன்றேன் என்று நீ நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு நீ என்னை விட்டுவிடலாம். தெரியாமல் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. வாடை போகவில்லை, பாப்பா. அவர் போய் மூன்று வாரம் ஆகிறது. குளியலறையை நான் ஒருத்திதான் உபயோகிக்கிறேன். வினிகர், சோடா, என்சைம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்தேன். இப்போதும் ஆறு தடவை கழுவுகிறேன். காய்ந்ததும் வருகிறது. நான் எதை விட்டுவிட்டேன் என்று தெரியவில்லை.

உன் அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

உங்களிடம் நானும் ஒன்று மறைத்திருக்கிறேன்.

உங்கள் ஏப்ரல் கடிதம் இருபத்து நாலாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. வேலையால் பதில் போடவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். அப்படி இல்லை. நீங்கள் சறுக்கி விழுந்ததையும், உங்கள் தலைப்பை நீங்களே முகர்ந்து பார்த்ததையும் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதாவது தெரிகிறதா என்று நினைத்தேன். பதினோரு வருஷக் கோபம் போய்விட்டது என்றுதான் நம்பியிருந்தேன். போகவில்லை. கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று வேண்டுமென்றே பதில் எழுதவில்லை.

மே கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அதைப் பிரிக்காமல் என் மேஜை டிராயரில் மூன்று நாள் போட்டு வைத்தேன். பன்னிரண்டாம் தேதிதான் பிரித்தேன். ஐந்து வரி படித்ததுமே எனக்கு அந்த வாடை தெரிந்துவிட்டது. காகிதத்திலிருந்தே வந்த மாதிரி. மூன்று நாள் அண்ணி. சேர்த்த அன்று அங்கே டாக்டர் என்ன சொன்னாராம்? இரண்டு மூன்று நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. அதை நீங்கள்தான் எனக்கு வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

எரிச்சலை என்னிடம் எழுதிக் கொட்டுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

அதனால் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உங்கள் மேல் குற்றம் இல்லை என்றும் எழுத வரவில்லை. எழுதித்தான் மூன்று தடவை கிழித்தேன். அந்தப் பாதி வரியை நானும் படித்தேன். அவரைப் போலவே நானும் முடித்துக்கொண்டேன். அது என் மனதை விட்டுப் போகவில்லை. நான் டிராயரை மூடின அந்த நிமிஷமும் போகவில்லை. எது பெரிது என்று எடை போட்டுப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

நீங்கள் வரச் சொல்வீர்கள். இப்போது என்னால் வர முடியாது. உங்களைப் பார்த்தால் அவர் நினைவு வரும், என்னைப் பார்த்தால் உங்களுக்கு அந்த மூன்று நாள் நினைவு வரும்.

குளியலறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் என்னால் நிச்சயமாகப் பதில் சொல்ல முடியும்.

அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த அன்று, நீங்கள் எல்லாரும் முன்னறையில் இருந்தீர்கள். நான் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உங்கள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குளிக்கவில்லை. முட்டி போட்டு, இடுக்கு இடுக்காக மூக்கை வைத்துப் பார்த்தேன். டாய்லெட் விளிம்பு, கதவின் அடிப்பலகை, ஓட்டை மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கம். சுவர் ஓரமாக நின்றிருந்த வாக்கரைச் சாய்த்து நாலு ரப்பர் குப்பியையும் கழற்றினேன். அரை மணி நேரம் தேடினேன். அண்ணனுடையது கொஞ்சமாவது எங்காவது மிச்சம் இருக்காதா என்று.

எதுவும் இல்லை. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் மூக்கு பொய் சொல்லாது. அவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தீர்கள்.

இனிமேல் பச்சைத் தண்ணீர் போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். மீதி வினிகரை எடுத்து உள்ளே வையுங்கள்.

நீங்கள் எழுதலாம். வந்த அன்றைக்கே பிரித்துப் படிப்பேன். பதில் எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாப்பா